முத்திரை இல்லாத பழைய வில்: செய்த பட்டறையைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய வில் ஒன்று காயலான் கடையிலோ, பரணிலோ கையில் கிடைத்ததும் பலரும் முதலில் ஒரு துணியை நனைத்து அழுத்தித் துடைப்பார்கள். பெயர் தெரிகிறதா என்று பார்க்கத்தான். ஆனால் அடையாளம் அழிவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். பழைய வில்லில் பெயர், எடை (அதாவது இழுவிசை), வரிசை எண் எல்லாம் மெல்லிய ஒட்டுப்படமாகவோ மையால் கையெழுத்தாகவோ இருக்கும். அதன்மேல் இருக்கும் வார்னிஷ் பூச்சு காய்ந்து பொரிந்து நிற்கும். துணியோடு சேர்ந்து எல்லாம் வந்துவிடும்.

இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றே: பெயரைக் கடைசியாகத் தேட வேண்டும். முதலில் வகை, பிறகு காலம், பிறகு நாடு, அதன்பின் பட்டறை. இந்த வரிசையில் வட்டத்தைச் சுருக்கினால் முத்திரையே இல்லாத வில்லுக்கும் பெரும்பாலும் ஓர் உருப்படியான பதில் கிடைக்கும். வரிசையை மாற்றிப் பெயரில் தொடங்கினால், அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டும்தான் கண்ணில் படும்.

வட ஆற்காட்டுப் பகுதியில் கிடைக்கும் வில்லுக்கு வாய்ப்புகள் பல. ஆற்காடு அமெரிக்க மிஷன் 1850களிலிருந்து இங்கே இயங்கியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் அமெரிக்கத் தொடர்பு தொடக்கம் முதலே உண்டு. ஆங்கிலேய அதிகாரிகளும், பக்கத்தில் கோலார் தங்கவயல் குடும்பங்களும் விட்டுச்சென்ற விளையாட்டுப் பொருள்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. எனவே அமெரிக்க வில், ஆங்கிலேய வில், நம் நாட்டு மூங்கில் வில் மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கிடைத்த இடம் செய்த இடத்துக்குச் சான்று ஆகாது. "மிஷன் பங்களாவில் கிடைத்தது, அதனால் அமெரிக்க வில்" என்ற முடிவு எத்தனையோ ஆங்கிலேய வில்லுக்குத் தவறான சீட்டு ஒட்டியிருக்கிறது.

தொடும் முன்

நாண் ஏற்றாதீர்கள். இழுத்துப் பார்க்காதீர்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கிடந்த வில்லில், வேலூர் வெயிலுக்குப் பசை எங்கே விட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

வேண்டியவை: தையல் டேப், வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், டார்ச், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு, காந்தம், பட்டர் பேப்பர், 4பி பென்சில், கொஞ்சம் பஞ்சு. தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் மூன்றும் மேசைப் பக்கமே வரக்கூடாது. அரக்கு வார்னிஷ் ஸ்பிரிட்டில் கரையும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு தின்னரிலும் அசிட்டோனிலும் கரையும்.

ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, நிழலான இடத்தில் வில்லைக் கிடத்திப் படம் எடுங்கள். முழு நீளம், முதுகு, வயிறு, இரண்டு பக்கவாட்டு, இரண்டு குதை (நாண் மாட்டும் முனை), பிடியின் நான்கு பக்கம், அம்பு வைக்கும் தட்டு. ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரியட்டும். வில்லில் முதுகு என்பது இலக்கைப் பார்க்கும் பக்கம், வயிறு என்பது எய்பவரைப் பார்க்கும் பக்கம். இது மாறினால் பின்னால் எழுதும் குறிப்பு முழுவதும் தலைகீழாகிவிடும்.

முதல் சல்லடை: என்ன பொருள்?

காந்தத்தை லிம்பில் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் கையில்) வையுங்கள். ஒட்டினால் எஃகு வில். உள்ளே கூடான நீள்வட்டக் குழாயாக இருந்தால் இரண்டு பெயர்களை முதலில் சரிபார்க்க வேண்டும்: ஸ்வீடனின் சீஃபாப், இங்கிலாந்தில் ஆக்லஸ் அண்ட் பொல்லாக் செய்த அப்போலோ. இவற்றை எய்து பார்க்கவே கூடாது. குழாய் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும்; வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே முன்னறிவிப்பின்றி ஒடியும். குழாயாக இல்லாமல் அடித்து உருவாக்கிய தட்டை எஃகாக இருந்தால், அது வட இந்தியப் போர்வில் மரபைச் சேர்ந்ததாக இருக்கலாம்; துருவைத் தேய்க்காதீர்கள், அடியில் பொன் வெள்ளிக் கம்பி வேலை இருக்கக்கூடும்.

நாண் இல்லாதபோது முன்பக்கமாகப் பலமாக வளைந்து, வயிற்றில் கொம்பும் முதுகில் நரம்பும் ஒட்டி, மேலே வண்ணப்பூ வேலை இருந்தால் அது முகலாய, தக்காணப் பாணிக் கூட்டு வில். இதற்கு வழியே வேறு. செய்தவர் பெயர் பாரசீக எழுத்தில், சிலவற்றில் ஹிஜ்ரி ஆண்டுடன் எழுதப்பட்டிருக்கும். இதை வீட்டில் ஆராய வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

முழுவதும் ஒரே வார்ப்பாகக் கண்ணாடி இழையால் ஆனது, பிடியில் ரப்பர் என்றால் பள்ளி, முகாம் உபயோகத்துக்கான வில். பென் பியர்சன், பேர் (Bear), ஷேக்ஸ்பியர் என்று பல அமெரிக்க நிறுவனங்கள் இதைச் செய்தன. பெயர் ரப்பரில் வார்த்திருக்கும். ரப்பர் போயிருந்தால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. அதிக நேரம் செலவிடத் தேவையில்லை.

மீதி இரண்டு வகைகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது: மரத்தால் மட்டும் ஆனது, மரத்தின் இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டியது.

அளவெடுப்பது

நாண் இல்லாமல், ஒரு குதையிலிருந்து மறு குதை வரை டேப்பை வளைவோடு படியவைத்து அளக்க வேண்டும். நேர்கோட்டில் அளந்தால் ரீகர்வ் வில் (முனைகள் முன்பக்கமாக வளைந்தது) பல அங்குலம் குறைந்துவிடும். 62 அங்குல வில் 58 என்று பதிவாகி, தவறான மாடல் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு ரைசரின் (பிடியுள்ள, வளையாத நடுப்பகுதியின்) நீளம், லிம்பின் அகலம் மூன்று இடத்தில் (ரைசர் முடியும் இடம், நடு, குதைக்கு 2 அங்குலம் முன்), அதே மூன்று இடத்தில் கனம். மேல் லிம்ப், கீழ் லிம்ப் இரண்டுக்கும் தனித்தனியாக எடுங்கள். அகலம் குறையும் விதம் பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரே அச்சில் செய்த விற்களுக்கு அது மாறாது. பெயர் தெரிந்த ஒரு வில்லோடு ஒப்பிடும்போது இந்த எண்கள்தான் பேசும்.

பக்கவாட்டு விளிம்பு

முழு வில்லிலும் அதிகம் சொல்லும் இடம் லிம்பின் பக்கவாட்டு. லென்ஸ் வைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து அடுக்குகளை எண்ணுங்கள்.

இருபுறமும் 1 முதல் 1.5 மி.மீ. கனத்தில் கண்ணாடி இழை, நடுவே மேப்பிள் மரப் பட்டைகள் இருந்தால் 1950களுக்குப் பிந்தைய வில். முதுகில் மட்டும் கண்ணாடி இழை இருந்தால், மர வில்லிலிருந்து கண்ணாடி இழைக்கு மாறிய காலத்துச் சோதனை முயற்சியாக இருக்கலாம். பேர் நிறுவனமே 1949 வாக்கில் லிம்புக்குள் அலுமினியத் தகடு வைத்துச் செய்தது. கண்ணாடி இழை நிலைபெற்றதும் அந்த முறை மறைந்தது. அடுக்குகளுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் அது ரெசார்சினால் பசை, 1940களுக்கு முன் இராது. இந்தக் கோடு ஓர் "ஆங்கிலேயர் கால" வில்லில் தெரிந்தால், ஒன்று வில் பிந்தையது, அல்லது யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். இரண்டில் எது என்பது மற்ற லிம்பைப் பார்த்தால் தெரியும்: பழுது ஒரு பக்கம்தான் இருக்கும்.

விளிம்பைப் பார்க்கும்போதே வில்லின் உடல்நிலையையும் குறித்துவிடலாம். பஞ்சை விளிம்பு நெடுகத் தேய்த்தால், சிலாம்பு எழும்பிய இடத்தில் இழை சிக்கும். பசை விட்ட இடத்தில் நாணயத்தால் மெதுவாகத் தட்டினால் ஓசை மாறும். வார்னிஷில் தாறுமாறாக ஓடும் விரிசல் பெரிய விஷயமில்லை. லிம்பின் குறுக்கே நேராக ஓடும் கோடுதான் ஆபத்து. மர வில்லில் வயிற்றின் குறுக்கே மயிரிழைபோல் தெரியும் மடிப்புகள் மரம் நசுங்கியதன் அடையாளம். இவற்றில் எது இருந்தாலும் இழுவிசை அளக்கும் படியைத் தாண்டிப் போங்கள்.

மறைந்த எழுத்தைத் தேடுவது

தேட வேண்டிய இடங்கள்: பிடிக்கு மேலும் கீழும் ரைசரின் பக்கவாட்டு, இரண்டு லிம்பின் வயிறு பிடியிலிருந்து ஒரு சாண் தூரம் வரை, அம்பு வைக்கும் தட்டின் தோலுக்கு அடியில், பிடித்தோலின் விளிம்புக்கு அடியில். கீழ் லிம்பை மறக்காதீர்கள். மேல் லிம்பில் பெயர், கீழ் லிம்பில் எடையும் எண்ணும் என்று பிரித்து எழுதிய பட்டறைகள் உண்டு.

அறையை இருட்டாக்கி, டார்ச்சை மரத்தோடு ஒட்டி, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் பிடியுங்கள். மை போயிருந்தாலும் பேனா முனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். ஒளியை ஒரே இடத்திலிருந்து அடிக்காமல் நான்கு திசையிலிருந்தும் அடித்துப் படம் எடுங்கள். பிறகு ஊதா விளக்கு: ஒட்டுப்படம் பல ஆண்டு மூடியிருந்த இடத்தில் பூச்சு வேறு விதமாக ஒளிரும், ஒட்டுப்படத்தின் வடிவம் மட்டும் தெரியும். அந்த வெளிக்கோடே பாதி விடை; நீளம், உயரம், மூலையின் வடிவம் மூன்றையும் அளந்து வையுங்கள். அரக்கு வார்னிஷ் ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஓரிடத்தில் மட்டும் அந்த நிறம் இல்லையென்றால் அங்கே பிற்காலத்தில் யாரோ சுரண்டிப் பூசியிருக்கிறார்கள்.

மரத்தில் அச்சு அடித்த எழுத்துக்கு பட்டர் பேப்பரை வைத்து 4பி பென்சிலால் மெல்லத் தேயுங்கள். அழுத்தினால் பழைய பூச்சு உதிரும்.

கிடைப்பது பெயரில்லாமல் எண்கள் மட்டும் என்றாலும் வீண் இல்லை. 45# 28" என்றால் 28 அங்குல இழுவையில் 45 பவுண்டு. கூடவே 62" இருந்தால் நீளம். ஏ.எம்.ஓ. என்ற எழுத்துகள் இருந்தால் அமெரிக்க வில் உற்பத்தியாளர் சங்கத்தின் அளவுமுறைப்படி செய்தது. நீளம், எடை, வரிசை எண் எந்த ஒழுங்கில் வருகிறது, வெள்ளை மையா கறுப்பு மையா, 4, 7, 9 எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று குறியுங்கள். பல பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில் ஒரே ஆள்தான் எழுதினார். அதே கையெழுத்து பெயருள்ள வில்லில் தென்பட்டால் அதைவிட நல்ல சான்று அரிது.

ரைசர், திருகுத்துளை, தோல்

ரைசர் பக்கவாட்டில் வட்டப் பள்ளமும் பழைய பசையும் இருந்தால், அங்கே பதித்திருந்த பதக்கம் விழுந்துவிட்டது என்று பொருள். பேர் நிறுவனத்தின் பதக்கம் 1972 வரை மரத்தோடு சமமாகப் பதிந்திருக்கும். அதற்குப் பிறகு மேலே எழும்பி நிற்கும். ஆனால் பதக்கம் பதித்தவர்கள் வேறு பலரும் உண்டு. பள்ளத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் எடுத்து ஒப்பிடாமல் பெயர் சொல்லாதீர்கள்.

ரைசரின் முன்பக்கம் பித்தளைத் திருகுத்துளை இருந்தால் அது நிலைப்படுத்தும் கம்பிக்கானது. அமெரிக்க வில் தயாரிப்பாளர் ஏர்ல் ஹாய்ட் இந்தக் கம்பியை 1961இல் கொண்டுவந்தார். அதனால் பட்டறையிலேயே வைத்த துளை என்றால் வில் அதற்குப் பிந்தையது. பிற்பாடு போட்ட துளையாக இருந்தால் பித்தளையைச் சுற்றி வார்னிஷ் உடைந்திருக்கும். இந்தத் துளையில் 8 மி.மீ. போல்ட்டைத் திணித்துப் பார்க்காதீர்கள். பொதுவான அளவு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, விட்டம் 7.94 மி.மீ. என்பதால் எம்8 போல்ட் நுழைவதுபோல் தோன்றும், இரண்டு சுற்றில் மரையைச் சிதைத்துவிடும். ராணிப்பேட்டையிலோ காட்பாடியிலோ எந்த லேத் பட்டறையிலும் மரை கேஜ் இருக்கும். வில்லைக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள். சிறு தகடுகளைப் பிடிக்கும் திருகில் நட்சத்திரத் தலை இருந்தால் அந்தத் திருகு 1930களின் நடுப்பகுதிக்கு முந்தையதல்ல.

பிடித்தோல் விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்கள், வெட்டு விளிம்பைப் பார்த்தே குரோம் தோலா, பட்டை போட்டுப் பதனிட்ட தோலா என்று சொல்லிவிடுவார்கள். குரோம் தோலின் நடுவே நீலச் சாம்பல் நிறம் தெரியும். பட்டைத் தோல் உள்ளேயும் பழுப்பாகவே இருக்கும். பிடித்தோல் இங்கேயே மாற்றப்பட்டதா, பட்டறையிலிருந்து வந்ததா என்று தீர்மானிக்க இது உதவும். தோலுக்கு அடியில் மரம் வெளுக்காமல், வார்னிஷ் இல்லாமல் இருந்தால் முதல் தோல் என்று நம்பலாம். அடியில் வார்னிஷும் பழைய தையல் துளையும் இருந்தால் மாற்றியது. தோலைக் கழற்றாதீர்கள், ஏற்கெனவே பிரிந்த விளிம்பு வழியே பாருங்கள், போதும்.

மரம் மட்டும் ஆன வில்

குறுக்குவெட்டைக் கவனியுங்கள். முதுகு தட்டை, வயிறு உருண்டை, ஒல்லியான உடல் என்றால் ஆங்கிலேய மரபு. அகலமாக, செவ்வகமாக இருந்தால் அமெரிக்கத் தட்டை வில். அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் போன்றோரின் ஆய்வுகளுக்குப் பிறகு 1930களில் பரவியது.

ஆங்கிலேய வில்லில் இரு முனையிலும் கொம்புக் குதை, பிடியில் பச்சை வெல்வெட் அல்லது பின்னல் நாடா, அம்பு உரசும் இடத்தில் சிறு சிப்பித் துண்டு இருக்கும். பெயரும் எடையும் பிடிக்கு அருகே மரத்திலேயே அச்சடித்திருக்கும். லண்டனின் ஆல்ட்ரெட், ஆல்டர்ஸ்கேட் தெருவில் இருந்த எஃப். எச். ஏயர்ஸ், எடின்பரோவின் பீட்டர் மியூர் ஆகியவை அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள். ஏயர்ஸ் பிற்காலத்தில் ஸ்லாசெஞ்சரோடு சேர்ந்தது, அதனால் இரண்டு பெயரும் ஒரே பாணியில் வரக்கூடும். அச்சு தேய்ந்திருந்தால் கொம்புக் குதையின் செதுக்கல்தான் அடுத்த சான்று. ஐந்தடி நீளம், 30 பவுண்டுக்குள் எடை என்றால் பெண்களுக்கான வில். சிறுவர் வில் என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

மரத்தைப் பார்த்தால் யூ மரம் எளிதில் பிடிபடும்: முதுகில் வெளிர் நிற வெளிமரம், வயிற்றில் ஆரஞ்சுப் பழுப்பு வைரம் (உள்மரம்). ஒரே சீரான மஞ்சள் நிறம், ரேகையே தெரியாத நெருக்கம் என்றால் லெமன்வுட் என்று வணிகத்தில் அழைக்கப்பட்ட கியூபா மரமாக இருக்கலாம். முதுகில் மெல்லிய வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஹிக்கரி. உள்ளூர் ஆசாரியிடம் காட்டினால், தேக்கு, ஈட்டி, கருங்காலி இல்லை என்பதை உறுதியாகச் சொல்வார். அந்த "இல்லை" என்ற பதிலுக்கும் மதிப்பு உண்டு.

ஏமாற்றும் தடயங்கள்

மிகப் பிரபலமான ஏமாற்று 1953. பேர் வில்லில் "கனடியக் காப்புரிமை 1953" என்ற எழுத்தைப் பார்த்து, அந்த ஆண்டு செய்த வில் என்று விலை சொல்பவர்கள் ஏராளம். அது காப்புரிமை பெற்ற ஆண்டு. 1972 வரை செய்த விற்களிலும் அதே வரி உண்டு. ஊர்ப்பெயர் இதைவிடப் பயனுள்ளது: மிச்சிகனின் கிரேலிங் என்றால் 1947க்குப் பிறகு, ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில் என்றால் நிறுவனம் இடம் மாறிய 1978க்குப் பிறகு. டேமன் ஹோவட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வில்லில், அதை வாங்கிய மார்ட்டின் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருந்தால் 1976க்குப் பிந்தையது.

அடுத்தது கடைப்பெயர். அமெரிக்காவின் ஸியர்ஸ் கடை ஜே. சி. ஹிக்கின்ஸ், டெட் வில்லியம்ஸ் என்ற பெயர்களில் விற்ற விற்களை வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்தன. பம்பாய், கல்கத்தாவில் கிளை வைத்திருந்த ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் முத்திரையும் விற்றவரின் பெயர்தான். மூன்றாவது, உரிமையாளரின் தொடக்க எழுத்து, பள்ளியின் இருப்பு எண் ஆகியவை வரிசை எண்போலவே தோன்றும். பட்டறை எண் பூச்சுக்கு அடியில் இருக்கும்; உரிமையாளர் எண் பூச்சுக்கு மேல் அல்லது பூச்சைக் கீறி இருக்கும்.

இன்னொன்றையும் ஏற்கத் தயாராக இருங்கள். மினசோட்டாவின் ஹெர்ட்டர்ஸ் போன்றவர்கள் வில் செய்யும் பாகங்களைப் பொட்டலமாகவே விற்றார்கள். வீட்டில் ஒட்டிச் செய்த வில்லுக்கு நிறுவனம் என்று ஒன்று கிடையாது. இரண்டு லிம்பின் அகலம் ஒரு மி.மீ.க்கு மேல் வேறுபடுவது, குதைகள் ஒன்றுபோல் இல்லாதது, எங்கும் எண்ணே இல்லாதது, மூன்றும் சேர்ந்தால் அந்த முடிவுதான் நியாயமானது.

இழுவிசை, வில் நலமாக இருந்தால் மட்டும்

ஸ்ட்ரிங்கர் கயிறு கொண்டுதான் நாண் ஏற்ற வேண்டும். காலுக்கிடையில் வைத்து வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாண் டாக்ரானாக (சற்று நீளும் பாலியெஸ்டர் இழையாக) இருக்கட்டும், 40 முதல் 50 பவுண்டு வில்லுக்கு 14 இழை. நீளாத நவீன நாணைப் போட்டால், அதற்கென வலுப்படுத்தாத பழைய குதை பிளக்கும். ஏ.எம்.ஓ. கணக்கில் வில்லின் நீளத்தைவிட நாண் 3 அங்குலம் குறைவு. தொங்கு தராசை நாணில் மாட்டி, பிடியின் பள்ளத்திலிருந்து 26¼ அங்குலம் வரும்வரை படிப்படியாக இழுங்கள். அதோடு 1¾ சேர்த்தால் 28. கிலோவை 2.2ஆல் பெருக்கினால் பவுண்டு: 20.4 கிலோ காட்டினால் 45. இழுத்த நாணை வெறுமனே விடவே கூடாது, மெதுவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பழைய மர வில் எழுதிய எடையைவிடக் குறைத்துத்தான் காட்டும். கண்ணாடி இழை வில்லில் பெரிய வித்தியாசம் வந்தால் லிம்பை யாரோ தேய்த்து எடையைக் குறைத்திருக்கலாம்.

முடிவை எழுதும் விதம்

உதாரணத்துக்கு ஒரு வில்: 62 அங்குல ரீகர்வ், கறுப்புக் கண்ணாடி இழை, மேப்பிள் உள்மரம், ரைசரில் சமமான வட்டப் பள்ளம், திருகுத்துளை இல்லை, கீழ் லிம்பில் பாதி தெரியும் வெள்ளை மை எண். விளிம்பு சொல்வது 1950களுக்குப் பின். பள்ளம் 1972க்கு முன் செய்த பேர் வில்லாக இருக்கலாம் என்று காட்டுகிறது, ஆனால் அது மட்டும் போதாது. துளை இல்லாததால் எதுவும் நிரூபணமாகாது, வேட்டை வில்லில் அது பெரும்பாலும் இருக்காது. இனி பள்ளத்தின் விட்டம், ரைசர் நீளம், லிம்ப் அகலம் மூன்றும் அந்த நிறுவனத்தின் பெயருள்ள ஒரு வில்லோடும் அக்கால விலைப்பட்டியல் படத்தோடும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தி, எதிராக ஒன்றும் இல்லையென்றால் "பெரும்பாலும் பேர் நிறுவனம், 1972 வரை" என்று எழுதலாம். எண்ணின் எழுத்துமுறையும் பொருந்தினால் "பெரும்பாலும்" என்பதை எடுத்துவிடலாம். ஒன்றுதான் பொருந்தினால் "அமெரிக்க ரீகர்வ், 1950கள் முதல் 1970கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

இந்தக் குறிப்பை அமிலமற்ற காகிதத்தில் எழுதி, பருத்தி நாடாவால் வில்லில் கட்டிவையுங்கள், செலோடேப் வேண்டாம். வில்லை நாண் கழற்றி, மூன்று மரமுளைமேல் படுக்கைவாட்டில் வையுங்கள். கோடையில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும், அங்கே ஒரு மணி நேரம்கூட விடக்கூடாது. வில் நூறாண்டுக்கு மேற்பட்டது என்று முடிவானால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். வெளிநாட்டில் இருப்பவர் நல்ல விலை கேட்டாலும் தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.